முப்பத்து நாலு பேருக்கு ஓர் உடம்பு

வடிவு வரப்பின் மேல் விழுந்ததால் பாத்தி கலங்கவில்லை. கங்காணி தவசிமுத்து முதலில் பார்த்தது அதைத்தான். உப்பு ஏடு உடையாமல் கிடக்கிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டுத்தான், கீழே கிடந்தவளின் முகத்தைப் பார்த்தார்.

அடுத்த பாத்தியிலிருந்து சுயம்புக்கனி உப்பெடுக்கும் பலகையைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். வடிவு அவளுடைய தம்பி மனைவி. இருபத்தாறு வயது. தொட்டால் உடம்பு அடுப்பில் காய்ந்த சட்டி மாதிரிச் சுட்டது. வியர்வை ஒரு பொட்டுக்கூட இல்லை. அந்த வெயிலில் வியர்க்காத உடம்பைக் கண்டால் பயப்பட வேண்டும் என்று உப்பளத்தில் எல்லோருக்கும் தெரியும்.

"ஏளா வடிவு, கண்ணத் தொற. என்னையப் பாரு."

"பலகைய எங்க வச்சேன் மதினி? காணல" என்றாள் வடிவு. பலகை அவள் கையில்தான் இருந்தது.

மணி பன்னிரண்டரை. போன வருஷம்வரை அந்த நேரத்தில் அளத்தில் ஒரு காக்கைகூட இறங்காது. வெயில் நாற்பத்தெட்டைத் தொட ஆரம்பித்த பிறகு அரசாங்கம் உச்சி ஓய்வுச் சட்டம் கொண்டுவந்திருந்தது. காலை பதினோரு மணியிலிருந்து மாலை நாலு மணிவரை திறந்த வெளியில் யாரும் வேலை செய்யக் கூடாது. மற்ற உப்பளங்களுக்கு அதனால் பெரிய கஷ்டமில்லை. இருட்டோடு இறங்கி, வெயில் ஏறுமுன் கரையேறிவிடுவார்கள். இந்த அளத்தில் விளைவது பூ உப்பு. அது உச்சியில்தான் பூக்கும். தண்ணீரின் மேல் பாலாடை மாதிரி மிதக்கும். கடல்காற்று திரும்பியதும் உடைந்து அடியில் இறங்கி, சாதாரண உப்போடு உப்பாகிவிடும். மிஷினை இறக்கினால் அது கிளப்பும் அலையிலேயே ஏடு நொறுங்கிப்போகும். பெண்களின் கைக்குத்தான் அதை எடுக்கத் தெரியும். எங்கோ வெளிநாட்டில் பெரிய ஓட்டல்களில் சாப்பாட்டின் மேல் அதை இரண்டு விரலால் தூவுகிறார்களாம்.

சட்டத்தில் ஒரு சின்ன வாசல் வைத்திருந்தார்கள். ஓர் ஊர்த் தொழிலாளிகளுக்கு உச்சி வெயில் கெடுதல் செய்யாது என்று ஆராய்ச்சி நிரூபித்தால், அந்த ஊருக்கு ஓய்வு வேண்டாம். ஒரே ஓர் ஆராய்ச்சியை அரசாங்கம் நம்பாது. பல ஆராய்ச்சிகளைச் சேர்த்துப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வதற்கு ஒரு மென்பொருள் இருந்தது. அதன் பெயர் தொகுப்பான். அது போன தை மாதம் இந்த ஊருக்குத் தீர்ப்புச் சொன்னது. தருவைக்கரைப் பெண்களை உச்சி வெயில் ஒன்றும் செய்யாது. மாசியில் உச்சி வேலை தொடங்கியது. வடிவு விழுந்தது சித்திரையில், ஒரு வியாழக்கிழமை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் வடிவின் சிறுநீரைப் பார்த்தார். தேயிலைத் தண்ணீர் நிறத்தில் இருந்தது. சிறுநீரகம் அடிவாங்கியிருக்கிறது, இப்போதைக்குத் தேறிவிடும் என்றார். பிறகு கம்ப்யூட்டரில் எதையோ அடித்தார், அழித்தார், மறுபடி அடித்தார்.

"வெயில்னு எழுதினா ஏத்துக்க மாட்டேங்குதும்மா" என்றார் கனியிடம். "இந்த ஊர்ப் பொம்பளைங்களுக்கு வெயிலால எதுவும் வராதுன்னு தொகுப்பான்ல இருக்கு. அதனால சொந்தக் காரணம்னு விழுது."

"சொந்தக் காரணம்னா என்ன சார்?"

"அவங்க உடம்புலயே ஏதோ கோளாறுன்னு அர்த்தம்."

"அப்போ லீவு?"

"சொந்தக் காரணத்துக்கு மூணு நாள். திங்கக்கிழமை இறங்கணும். இறங்கலைன்னா பேரை எடுத்துடுவாங்க."

"இன்னொரு தடவ விழுந்தான்னா?"

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "விழாம பார்த்துக்குங்க" என்றார். அவளைப் பார்க்காமல் சொன்னார்.

கனி வராந்தாவில் வந்து உட்கார்ந்தாள். தொகுப்பான் எதை வைத்து அந்தத் தீர்ப்பைச் சொன்னது என்று அந்த ஆஸ்பத்திரியில் யாருக்கும் தெரியாது. அவளுக்குத் தெரியும்.

நாலு வருஷங்களுக்கு முன்னால் இரண்டு கோடைகளில் ஐந்து ஆராய்ச்சிக் குழுக்கள் தருவைக்கரைக்கு வந்தன. ஒவ்வொன்றும் வெவ்வேறு ஊர்க் கல்லூரி. ஒரு குழுவுக்கு இன்னொரு குழுவைத் தெரியாது. ஒவ்வொரு குழுவும் எட்டொன்பது பெண்களின் பெயர்களை எழுதிக்கொண்டது. இதற்குமுன் எந்த ஆராய்ச்சியிலும் சேராதவர்கள்தான் வேண்டும் என்று கேட்டது. உடம்பில் ஒட்டிக்கொள்ள உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பட்டையைக் கொடுத்தது. பதினைந்து நாள் உச்சியில் இரண்டு மணி நேரம் பாத்தியில் நிற்க வேண்டும். சாயங்காலம் சிறுநீர் கொடுக்க வேண்டும். போனில் ஒரு விளையாட்டு வரும். ஓடுகிற கட்டங்களில் சிவப்பை மட்டும் தொட வேண்டும். அது புத்தி தடுமாறுகிறதா என்று பார்ப்பதற்காம். இதற்கெல்லாம் பதிலாக வாரம் ஒரு கேன் குளிர்ந்த நல்ல தண்ணீர் வீட்டுக்கே வரும். உப்புக் காற்றில் வாழ்கிறவர்களுக்கு அது சின்ன விஷயமில்லை.

பெண்கள் பெயர் கொடுத்தார்கள். ஆனால் உச்சியில் நிற்க முடியவில்லை. ஒருத்திக்குப் பால்குடிப் பிள்ளை, ஒருத்திக்கு மாதவிலக்கு, ஒருத்திக்கு இரண்டாம் நாளே கண் இருட்டியது. பட்டை பட்ட இடமெல்லாம் கொப்புளம். "கனி, உன் உடம்பு இரும்புளா. எனக்கும் சேத்து ஒட்டிக்கிடேன்" என்று முதலில் கேட்டவள் ஜெபராணி. கனி சிரித்துக்கொண்டே வாங்கித் தோளில் ஒட்டிக்கொண்டாள். அடுத்தவள் வந்தாள், முழங்கையில். அடுத்தவள், வயிற்றில். ஒரு சமயம் அவள் உடம்பில் எட்டுப் பட்டைகள் இருந்தன. சாயங்காலம் ஒரே செம்பிலிருந்து எட்டுக் கப்புகளை நிரப்புவாள். எட்டுப் போன்களை வரிசையாக வைத்துக்கொண்டு சிவப்புக் கட்டங்களைத் தொடுவாள். "எம் போனுல நல்லா ஆடுளா, எம் மானத்த வாங்கிராத" என்று சுற்றி நின்று கிண்டல் செய்வார்கள். கனிக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. கல்யாணம் நின்றுபோனவள், எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவள். எல்லோருக்கும் அவள் தேவைப்பட்டது அந்த இரண்டு கோடைகளில்தான்.

வெள்ளிக்கிழமை காலையில் கொட்டகையில் பெண்கள் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தபோது கனி சொன்னாள். "நான் ஆணையத்துல போயி உண்மையச் சொல்லப் போறேன்."

தூக்குச் சட்டிகளின் சத்தம் நின்றது.

"என்னத்தச் சொல்லுவ?" என்றாள் ஜெபராணி.

"அஞ்சு ஆராய்ச்சியிலயும் நின்னது நான்தான்னு."

"சொல்லிட்டு நீ வந்துருவ. பொய்க் கையெழுத்துப் போட்டதுக்கு எங்க பேரையெல்லாம் எடுத்துருவாவ. அப்புறம் உச்சி ஓய்வு எதுக்கு? வீட்டுலயே ஓய்வா இருக்கலாம்."

"வடிவு திங்கக்கிழமை எறங்கணும் ஜெபா. அவ பொழைக்க மாட்டா."

"எனக்கும்தான் நெஞ்சு படபடங்குது. நான் யார்ட்ட போயி அழ?" ஜெபராணி எழுந்து சட்டியைக் கழுவப் போனாள். திரும்பிப் பார்க்காமல், "எட்டுக் கப்ப நெரப்புனப்ப சிரிச்சேல்லா, இப்ப நல்லவளாயிட்ட" என்றாள்.

கூட்டத்தில் பேசிக் கனிக்குப் பழக்கமில்லை. மத்தியானம் பேருந்து ஏறினாள்.

வெப்பத் தொழில் ஆணையத்தின் கிளை அலுவலகம் நகரத்தில் ஒரு மாடியில் இருந்தது. உள்ளே மார்கழி மாதிரிக் குளிர். தொகுப்பான் பிரிவில் இருந்தவள் சகாய ரெஜினா என்ற அதிகாரி, முப்பது வயதிருக்கும். கனியை உட்காரச் சொன்னாள். ஈரம் காயாத உப்புத் தடம் நாற்காலியில் பட்டுவிடுமோ என்று கனி நுனியில் உட்கார்ந்தாள்.

முழுவதையும் கேட்டுவிட்டு ரெஜினா நாற்காலியைக் கனியின் பக்கம் திருப்பினாள்.

"அக்கா, தொகுப்பான் என்ன செய்யும்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது மேடம்."

"ஒரு ஆராய்ச்சிங்கிறது ஒரு சாட்சி மாதிரி. எட்டுப் பேரை வச்சுப் பார்த்துட்டு, 'கெடுதல் இல்லைன்னு தோணுது, நிச்சயமாச் சொல்ல முடியாது'ன்னு முனகும். தனியா அதுக்கு மதிப்பில்லை. ஆனா ஒருத்தரை ஒருத்தர் அறியாத அஞ்சு சாட்சி வந்து, அஞ்சும் ஒரே பக்கமா முனகினா? சேர்த்துக் கணக்குப் போட்டா அது நிச்சயமாயிடும். உங்க ஊர் விஷயத்துல மூணு கேள்வி. உடம்புச் சூடு மீறுதா, சிறுநீரகம் கெடுதா, புத்தி தடுமாறுதா. மூணையும் சேர்த்து ஒரே கேள்வியாக் கேட்டோம். மூணுல ஒண்ணு ஆட்டம் கண்டாலும் தீர்ப்பு நிக்காது. உங்க ஊர்ல மூணும் அசையலை. அஞ்சு ஆராய்ச்சியும் அவ்வளவு அழகா ஒத்துப்போச்சு. நாங்களே ஆச்சரியப்பட்டோம்."

"ஒருத்தியே அஞ்சு சேலை மாத்திக் கட்டிட்டு வந்து சாட்சி சொன்னா ஒத்துத்தானே போவும் மேடம்?"

ரெஜினா மேசையைப் பார்த்தாள். "ஒரே மாதிரி இருந்திருந்தா மிஷின் கண்டுபிடிச்சிருக்கும். தோள்ல ஒட்டினது ஒரு சூடு காட்டும், வயித்துல ஒட்டினது ஒரு சூடு காட்டும். கொஞ்சம் கொஞ்சம் வித்தியாசம். நிஜமாவே வேற வேற ஆள் மாதிரி."

"இப்ப நான் வந்து சொல்லுதேன்லா. மாத்திருங்க."

"நீங்க சொல்றதையும் சேர்க்கலாம். ஒரு ஆள் சொன்ன வாய்ச்சொல்னு அதுவும் ஒரு சாட்சியா உள்ள போகும். அஞ்சுலயும் சேர்ந்த நாற்பத்தியோரு பேருக்கு எதிரா ஒரு ஆள். தீர்ப்பு முடி அளவுகூட நகராது."

"நாப்பத்தோரு பேருல முப்பத்து நாலு பேரு நான் மேடம்."

"அதை நான் நம்பறேன். அது நம்பணுமே."

கதவு திறந்திருந்தது, படி தெரிந்தது. ஆனாலும் அந்தக் குளிர்ந்த அறையில் நான்கு சுவரும் கனியை நோக்கி நகர்வது போலிருந்தது. தன்னுடைய உடம்பே வேறு வேறு பெயர்களில் எதிரே வரிசையாக உட்கார்ந்து, நீ பொய் சொல்கிறாய் என்கிறது.

ரெஜினா எழுந்து ஜன்னல்வரை போய்த் திரும்பினாள். "ஒரு வழி இருக்கு. பழைய பட்டைகளைத் தூக்கிப் போட மாட்டாங்க. கிடங்குல இருக்கும். ஒவ்வொண்ணுலயும் தோல் கொஞ்சமாவது ஒட்டியிருக்கும். உங்க தோலோட ஒப்பிட்டுப் பார்த்தா முப்பத்து நாலும் ஒரே ஆள்னு தெரிஞ்சுடும். அது வாய்ச்சொல் இல்லை, தொகுப்பான் ஏத்துக்கும்."

"மத்தவளுவளுக்கு ஒண்ணும் ஆவாதுல்லா?"

"ஆராய்ச்சில பேரெல்லாம் மறைச்சுதான் வச்சிருக்காங்க, வெறும் எண்தான். யார் பேரும் வெளில வராது." ரெஜினா ஒரு படிவத்தை எடுத்து வைத்தாள். எடுத்து வைத்தபின் கொஞ்சம் தயங்கினாள். "இதுல கையெழுத்துப் போட்டா அந்த முப்பத்து நாலு பதிவும் உங்க பேருக்கு மாறிடும். அதுக்கப்புறம் தொகுப்பான் என்ன சொல்லும்னு எனக்கே தெரியாது. இந்த மாதிரி எங்கயும் நடந்ததில்லை."

"மாறட்டும் மேடம். அது என்னுதுதானே" என்றாள் கனி.

கையெழுத்துப் போட்டாள். ஒரு பெண் வந்து அவள் முழங்கையில் மெல்லிய தகட்டால் சுரண்டித் தோலை எடுத்துக்கொண்டாள். வலிக்கவில்லை.

சனியும் ஞாயிறும் அவள் யாரோடும் பேசவில்லை. வடிவு பாயில் படுத்தபடி கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "மதினி, திங்கக்கிழமை நான் மெதுவா எடுத்துக்கிடுதேன். ஓரத்துப் பாத்தியாக் கேட்டு வாங்கிக் குடுங்க" என்றாள். கனி சோற்றைப் பிசைந்து அவள் வாயருகே கொண்டுபோனாள். கனியின் கணுக்கால்கள் போன வருஷத்திலிருந்தே சாயங்காலமானால் வீங்குகின்றன. விரலால் அழுத்தினால் குழி விழுந்து வெகுநேரம் அப்படியே நிற்கும். அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. இரும்பு உடம்புக்காரி எப்படிச் சொல்வாள்.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குக் கங்காணி தவசிமுத்து ஒரு தாளைக் கொட்டகைத் தூணில் ஒட்டினார். ஒட்டிவிட்டு அவரே வாசித்தார். முந்தைய தீர்ப்பு ரத்து. போதுமான சாட்சி இல்லாததால் தருவைக்கரைப் பெண்களுக்கு உச்சி ஓய்வு மறுபடி உண்டு, இன்றுமுதல்.

ஒரு நிமிஷம் யாருக்கும் புரியவில்லை. பிறகு ஒருத்தி அழுதாள், இன்னொருத்தி அவளைப் பார்த்துச் சிரித்தாள். ஜெபராணி நேராகக் கனியிடம் வந்தாள். கனியின் முந்தானையில் ஒட்டியிருந்த உப்பைத் தட்டிவிட்டாள். பிறகு, "எம் பேரச் சொன்னியாளா?" என்று கேட்டாள்.

"யாரு பேரும் வராது."

"அது போதும். இன்னைக்கி ஒனக்கு எங்க வீட்டு மீன் கொழம்பு."

வடிவு கொட்டகை நிழலில் சாக்கை விரித்துக் கால் நீட்டி உட்கார்ந்தாள். வேலைக்கு வந்தவள் என்று பெயரும் பதிவாயிற்று, உச்சி வெயிலிலும் இறங்க வேண்டியதில்லை. கனி அவளைப் பார்த்துக்கொண்டே நின்றாள். வியாழக்கிழமைக்குப் பிறகு அன்றுதான் வயிறு பசித்தது.

பத்தரை மணிக்குத் தவசிமுத்து கனியைத் தனியே கூப்பிட்டார். அவர் கையில் இன்னொரு தாள் இருந்தது.

"இது உனக்கு மட்டும் வந்துருக்கு தாயி. எனக்குப் படிச்சா வெளங்கல. அந்த மேடம் லைன்ல இருக்காங்க, நீயே கேளு."

போனில் ரெஜினாவின் குரல் தணிந்திருந்தது. "அக்கா, நாற்பத்தியோரு பேர் இல்லைன்னு தொகுப்பான் ஏத்துக்கிச்சு. எட்டே பேர்தான். அதுல ஏழு பேர் பாதியிலயே நின்னவங்க. அதனால ஊருக்குன்னு சொன்ன தீர்ப்பு விழுந்துடுச்சு."

"பாத்தேன் மேடம். நல்லா இருப்பீய."

"இருங்க. மீதி ஒருத்தர் நீங்க. இப்போ முப்பத்து நாலு பதிவும் உங்க ஒருத்தர் மேல இருக்கு. ஒரே மனுஷியை இத்தனை தடவை, இத்தனை விதமாப் பார்த்த ஆராய்ச்சி வேற எங்கயும் இல்லை. தொகுப்பான் அதே மூணு கேள்வியை உங்களுக்கு மட்டும்னு கேட்டிருக்கு. முன்னைவிட நிச்சயமா பதில் வந்திருக்கு. உங்களுக்கு உச்சி ஓய்வு தேவையில்லை."

கனி பாத்திகளைப் பார்த்தாள். ஏடு பூக்கத் தொடங்கியிருந்தது. ஓரத்திலிருந்து நடுவுக்கு மெல்ல வெள்ளை பரவியது.

"அது நாலு வருசத்துக்கு முந்துன உடம்பு மேடம். இப்ப எனக்குக் காலு வீங்குது."

"புதுசாப் பதிவு பண்ணி அனுப்பலாம். தினமும் உச்சியில நின்னு, பட்டை ஒட்டி, சிறுநீர் குடுத்து. கெடுதல்னு ஒரு நாள் வந்தா அது ஒரு பதிவு. முப்பத்து நாலுக்கு எதிரா ஒண்ணு. தாங்கலைன்னு அதே அளவு சேர்ந்தாத்தான் தீர்ப்பு ஆட்டம் காணும். நான் மேல எழுதிப் பார்த்தேன் அக்கா. நீங்களே கையெழுத்துப் போட்ட பதிவுன்னு சொல்றாங்க."

கனி போனைத் திருப்பிக் கொடுத்தாள். "நான் எறங்க மாட்டேன்னு சொன்னா?" என்று கங்காணியைக் கேட்டாள்.

தவசிமுத்து துண்டால் கழுத்தைத் துடைத்தார். "கம்பெனிலருந்து காலையில பேசுனாவ. ஒருத்தியாவது உச்சியில எறங்குனாத்தான் இது பூ உப்பு அளம். முகப்புல இருக்க ஆறு பாத்திய மட்டும் உன்ன வச்சு எடுத்துட்டு, மத்தவளுவளக் காலை வேலைக்கு வச்சுக்கிடுவாவளாம். ஒருத்தியும் இல்லைன்னா சாதா உப்புத்தான். அதுக்கு மிஷினு போதும். நாப்பது பேரும் வீட்டுக்குப் போயிற வேண்டியதுதான்." கொஞ்சம் நிறுத்தி, "நான் ஒண்ணும் சொல்லல தாயி. ஒன் இஷ்டம்" என்றார்.

பதினோரு மணிக்குப் பெண்கள் கரையேறினார்கள். கொட்டகையில் பேச்சும் சிரிப்புமாக இருந்தது. கனி கங்காணியிடம் பட்டையை வாங்கிக்கொண்டு, பலகையோடு எதிர்த்திசையில் நடந்ததை முதலில் பார்த்தவள் வடிவு.

"மதினி, எங்க போறீய?"

கனி நின்று, இரண்டு வரியில் சொன்னாள்.

"பட்டைய இங்க கொண்டா" என்றாள் ஜெபராணி. எழுந்தே விட்டாள். "இன்னைக்கி நான் நிக்கேன். நாளைக்கி வேற ஒருத்தி. நாப்பது பேரு இருக்கோம்."

"இது இப்ப தோலத் தெரிஞ்சுக்கிடும் ஜெபா. வேற ஆளுல ஒட்டுனா ஆணையத்துலயும் தெரிஞ்சுக்கிடுவாவ."

ஜெபராணி நின்றபடியே இருந்தாள். வடிவு முகத்தை மூடிக்கொண்டாள்.

கனி இறங்கினாள். தண்ணீர் கொதிநீர் மாதிரிக் காலைப் பிடித்தது. பலகையைச் சாய்த்து, ஏட்டின் அடியில் காற்றுப்போல நுழைத்து, கலங்காமல் இழுத்தாள். ஒரு பாத்தி. இரண்டாம் பாத்தி. வாழ்க்கையில் முதல் தடவையாக அவள் தன் உடம்பிடம் கெஞ்சினாள். விழு. ஒரு தடவை விழுந்து காட்டு. கண் இருட்டட்டும், கை நடுங்கட்டும், பலகை எங்கே என்று கேள். வேண்டுமென்றே விழுந்தால் பட்டை ஏமாறாது. உள்ளே நிஜமாகக் கெட வேண்டும். கெட்டால்தான் கணக்கில் சேரும். அப்படிப் பலமுறை கெட்டபின் அந்தத் தீர்ப்பு எந்த உடம்புக்கு வந்து சேரும் என்று நினைத்தாள். மூன்றாம் பாத்தியில் கால் ஒருமுறை வழுக்கியது. உடம்பு தானாகவே சமாளித்து நின்றுகொண்டது.

கடல்காற்று திரும்பும்போது ஆறு பாத்தியும் முடிந்திருந்தன. கரையேறி, சிறுநீர் கொடுத்து, போனில் சிவப்புக் கட்டங்களைத் தொட்டாள். விரல் தானாகத் தொட்டது. ஒன்றுகூடத் தவறவில்லை.

தவசிமுத்து தன் போனை வெயிலுக்கு மறைத்துப் பிடித்துப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது. அவருக்கு அது நல்ல சேதியாகத்தான் பட்டது.

"ஒரு பாதிப்பும் இல்லைன்னு வந்துருக்கு தாயி. நல்ல உடம்பு உனக்கு" என்றார். "முப்பத்தஞ்சாவது பதிவுன்னு போட்டுருக்கு."